‘ஒரீஇ’யை அகராதியில் தேடும்போது

அன்பு நண்பா,

பிரிவைக் குறிக்கும் பழஞ்சொற்களின் பட்டியல் வந்து சேர்ந்தது. நீ இந்த வேலையில் இறங்கியதில் எனக்கு ரொம்ப மகிழ்ச்சி.

‘ஒரீஇ’ அகராதியில் இல்லை என்று குறித்திருக்கிறாய். ‘ஒருவு’ (விலகு) என்ற பகுதியின், அதாவது வினையடியின், கீழ் பார். ஒருவி (விலகி) என்பதே செய்யுளில் அளபெடுத்து, அதாவது ஓசை நீண்டு, ஒரீஇ ஆகிறது. தழுவி தழீஇ ஆவதும் வெருவி வெரீஇ ஆவதும் அப்படித்தான். ‘பேதையார் கேண்மை ஒரீஇ விடல்’ (குறள் 797), ‘ஒருவுக ஒப்பிலார் நட்பு’ (800) இரண்டையும் சேர்த்துப் படித்தால் பகுதி தானே பிடிபடும்.

சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி (1924–36) பிரி-தல், பிரி-த்தல் என இரண்டாகத் தரும். முன்னது தானே விலகுவது (தன்வினை), பின்னது பிறரை விலக்குவது (பிறவினை). ஆனால் ‘த்தல்’ கண்டாலே பிறவினை என்று எழுதிவிடாதே. தணத்தல் (பிரிதல்), துறத்தல் இரண்டும் நடத்தல் போலத் தன்வினைதான். இறந்தகாலம் தணந்தான், துறந்தான்; தணத்தான், துறத்தான் அல்ல. சந்தேகம் வந்தால் இறந்தகாலத்தைச் சொல்லிப் பார். ‘தீர்’ இன்னும் வேறு மாதிரி: ‘தீர்தலும் தீர்த்தலும் விடற்பொருட் டாகும்’ என்று தொல்காப்பியம் இரண்டுக்குமே விடுதல் என்ற பொருளைச் சொல்கிறது. அரிசி தீர்ந்தது என்கிற இன்றைய பொருளோடு பழம்பாட்டுக்குள் போனால் இடறும்.

1157ஆம் குறளுக்கு நீ எழுதிய பொருளை மட்டும் உடனே மாற்று.

துறைவன் துறந்தமை தூற்றாகொல் முன்கை
இறைஇறவா நின்ற வளை.

‘இறவா’வை எதிர்மறையாகக் கொண்டு ‘கழலாத வளை’ என்று எழுதிவிட்டாய். அங்கே சொல் இறவாநின்ற. ‘ஆநின்று’ நிகழ்கால இடைநிலை, அதாவது வினையின் நடுவே நின்று காலம் காட்டும் உறுப்பு. ‘இறை’ மணிக்கட்டு, ‘இற’ கடத்தல். பிரிவில் கை மெலிகிறது, வளை மணிக்கட்டைக் கடந்து கழன்றுகொண்டிருக்கிறது, அதனால்தான் ஊருக்குத் தெரிகிறது. வளை கழலாவிட்டால் தூற்றுவதற்கு (ஊரறியச் சொல்வதற்கு) என்ன இருக்கிறது? பதிப்புகளில் சீர் பிரித்து அச்சிடுவதால் பலரும் தவறுகிற இடம் இது.

அதே ‘துற’ தான் ‘தலைப்பட்டார் தீரத் துறந்தார்’ (348) என்று துறவு அதிகாரத்திலும் வருகிறது. காதலியை விட்டுப் போனவனுக்கும் பற்றை விட்டவனுக்கும் வள்ளுவர் ஒரே வினையை ஆள்கிறார். நீ இதை இரண்டு தலைச்சொல்லாகப் பிரித்தது எனக்கு உடன்பாடில்லை. ஒரே பதிவாக வை. பொருளுக்கு மட்டும் 1, 2 என்று எண் கொடு, ஒவ்வொன்றுக்கும் ஒரு மேற்கோள் போதும்.

நிகண்டிலிருந்து (செய்யுளில் அமைந்த பழைய சொற்பொருள் நூலிலிருந்து) எடுத்த சொற்களுக்கு எந்த நிகண்டு, எந்தத் தொகுதி என்பதையும் சேர்த்து அடுத்த படியை அனுப்பு. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்