கொசுவலையைச் செருகிவிடு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் சுகம். உங்களுக்காகத் தினமும் ஜெபிக்கிறோம். போனில் பேசினால் பாதியில் கட்டாகிவிடுகிறது. கட்டாகாத நாளிலும் "எல்லாரும் நல்லா இருக்கோம்மா" என்று நீ வைத்துவிடுகிறாய். அதனால்தான் பழையபடி பேனாவை எடுத்தேன்.

அங்கே மழை பிடித்திருக்கும். மழை என்றால் கொசு. கொசுவலையை மெத்தைக்கு அடியில் நன்றாகச் செருகிவிட்டுப் படுங்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள். மாப்பிள்ளை வெயிலில் சைக்கிளில் அலைகிறார் என்றாய், தொப்பி இல்லாமல் விடாதே. நீயும் மூன்று வேளையும் அந்த மக்காச்சோளக் களியையே கிண்டிக்கொண்டு இருக்காமல் ஒரு நேரமாவது சோறு வடி.

போன ஞாயிறு ஆராதனையில் ஆயர் உங்கள் இருவர் பெயரையும் சொல்லி ஜெபித்தார். 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்க மிஷனெரிகள் மதுரைக்கு வந்து பள்ளிக்கூடம் வைத்தார்கள், இன்றைக்கு நம் சபைப் பிள்ளை ஆப்பிரிக்காவில் மலாவிக்குப் போய்க் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள் என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. உன் பூட்டி அந்த மிஷனெரிகளின் கேப்ரன் ஹால் பள்ளிக்கூடத்தில் எழுத்துக்கூட்டிப் படித்தது இதற்குத்தான் போல. ஒரே வகுப்பில் 100 பிள்ளைகள், பெஞ்சு இல்லாமல் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள், 1994-இல் தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை எடுத்ததிலிருந்தே இந்தக் கூட்டம் என்று நீ சொன்னதையெல்லாம் சங்கத்துப் பெண்களிடம் சொன்னேன். 

அந்த 100 பேரைப் பற்றியும் வாய் ஓயாமல் சொல்கிறவள், பேரன் பேச்சை எடுத்தால் மட்டும் வேறு பேச்சுக்குப் போய்விடுகிறாய். மூன்று வாரமாக இப்படித்தான். போன வாரம் நான் கூப்பிட்டபோது இங்கே ராத்திரி எட்டரை, அங்கே சாயங்காலம் ஐந்து. "தூங்குறான்" என்றாய். ஐந்து மணிக்குத் தூங்குகிற பிள்ளையா அவன்? அவன் தூக்கத்தில் காலை உதறுவான், வலை வெளியே வந்துவிடும். இங்கே வந்திருந்தபோது ராத்திரி மூன்று தடவை எழுந்து செருகிவிட்டேன். ஹாஸ்டலில் யார் எழுந்து செருகிவிடுவார்கள்?

எழுதிவிட்டேன், இனி அடிக்கப்போவதில்லை. அவனை லிலாங்வே ஊர் ஹாஸ்டலில் சேர்த்திருக்கிறீர்கள் என்று சம்பந்தியம்மா வாய் தவறிச் சொல்லிவிட்டார்கள். அவர்களைக் கோபித்துக்கொள்ளாதே. 100 பேர் நடுவில் அவனையும் தரையில் உட்காரவைக்க உங்களுக்கு மனம் வந்திருக்காது, அது எனக்குப் புரிகிறது. இந்த ஊழியத்துக்குப் போனவர்கள் எல்லாரும் இந்த இடத்தில் வந்து நின்றவர்கள்தான். நம் ஊரிலிருந்த வெள்ளைக்கார மிஷனெரிகள் பிள்ளைகளைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு வருஷக்கணக்கில் முகம் பார்க்காமல் இருந்தார்கள். 1901-இல் கொடைக்கானலில் பள்ளிக்கூடம் வைத்தது அந்தப் பிள்ளைகளுக்காகத்தானே. ஆனாலும் ஏழு வயது கண்ணு. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இதைக் கேட்க எனக்கு வாய் இல்லை என்பதும் தெரியும். உன்னை மதுரையில் விட்டுவிட்டு நாங்கள் உசிலம்பட்டிப் பக்கம் போனபோது உனக்கு எட்டு. பரண் மேல் இருந்த உன் டிரங்குப் பெட்டியை நேற்று இறக்கினேன். வெள்ளைப் பெயிண்டில் உன் பெயர் இன்னும் அழியவில்லை. உள்ளே நீ ஹாஸ்டலிலிருந்து எழுதிய முதல் கடிதம் மடித்தபடியே இருக்கிறது. "எனக்கு அளுகையா வருது, வந்து கூட்டிட்டு போங்கம்மா." அந்த ளகரத்தைச் சுற்றி சிவப்பு மையில் வட்டம் போட்டு மேலே ழ எழுதினேன். "கூட்டிட்டு" என்பதை அடித்துக் "கூட்டிக்கொண்டு" என்று திருத்தினேன். அந்தக் கடிதத்தையே உறையில் போட்டு உனக்குத் திருப்பி அனுப்பினேன். டீச்சர் பிள்ளை பிழையோடு எழுதலாமா என்று அப்பாவிடம் பெருமையாக வேறு சொன்னேன். நீ கேட்டதற்கு ஒரு வரி பதில் எழுதவில்லை. பதில் எழுதினால் அடுத்த பஸ்ஸில் வந்து கூட்டிப்போய்விடுவேன் என்று பயமாக இருந்தது.

உன் அடுத்த கடிதத்தில் ஒரு பிழை இல்லை. "நான் நலம். தாங்கள் நலமா?" அப்புறம் பத்து வருஷமும் நலம்தான். இப்போது போனிலும் நலம்தான். அப்படி எழுத உன்னைப் பழக்கியது நான்தான். ஆண்டவரிடம் எத்தனையோ ராத்திரி சொல்லி அழுதிருக்கிறேன், உன்னிடம் சொன்னதில்லை. அம்மாவை மன்னித்துக்கொள்.

பேரன் கடிதம் எழுதினானா? தமிழோ இங்கிலீஷோ, எப்படிக் கிறுக்கியிருந்தாலும் அப்படியே போட்டோ எடுத்து அனுப்பு. நீ எதையும் திருத்தாதே. அவன் கேட்டிருக்கிற கேள்விக்கெல்லாம் பதில் எழுது, கஷ்டமான கேள்வியாக இருந்தாலும். அவன் ஹாஸ்டல் விலாசத்தை எனக்கு அனுப்பு, நானும் எழுதுகிறேன். மாப்பிள்ளையிடம் நான் வருத்தப்பட்டதாகச் சொல்ல வேண்டாம், அவர் மனம் கஷ்டப்படும்.

வார்டனிடம் கொசுவலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவை. காலை உதறுவான் என்று சொல்.

அம்மா