மருந்துச் சீட்டில் நடையும் இடம்பெறட்டும்

ஆசிரியருக்கு,

இதய நலமும் உடற்பயிற்சியும் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் அதில் சொன்னதுபோல் தினமும் ஒரு மணி நேரம் உடற்பயிற்சிக்கு ஒதுக்க முடியாதவர்கள், 'சரி, இது நமக்கு ஆகாது' என்று பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள். பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பைத்தான். ஒரு தடவைக்குக் குறைந்தது 10 நிமிடமாவது வேண்டும் என்ற பழைய நிபந்தனையையும் 2020 வழிகாட்டுதலில் அது கைவிட்டுவிட்டது. மாடிப்படி ஏறுவதும் கணக்கில் சேரும். லண்டனின் மாடிப் பேருந்துகளில் உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களைவிட, நாள் முழுதும் படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதயத் தமனி நோய் குறைவு என்று பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் ஜெர்ரி மாரிஸ் குழுவினர் 1953-லேயே காட்டினார்கள். அந்த நடத்துநர்கள் அதற்கென்று தனியாக நேரம் ஒதுக்கவில்லை!

ஓய்வில் 86 ஆக இருந்த என் நாடித்துடிப்பு, எட்டு மாத வேக நடைக்குப் பிறகு 72-க்கு இறங்கியது. பழகிய இதயம் ஒரு துடிப்பில் அதிக ரத்தத்தைத் தள்ளுவதால் அடிக்கடி துடிக்க வேண்டியதில்லை. வெறும் 'வாக்கிங் போங்க' என்ற அறிவுரையால் நான் அசையவில்லை. 'வாரம் 5 நாள், 30 நிமிடம், பேச முடியும், பாட முடியாது என்ற வேகம்' என்று மருத்துவர் எழுதித் தந்த பிறகுதான் கிளம்பினேன். மாத்திரையின் அளவைப்போல் நடையின் அளவையும், நெஞ்சுவலி வந்தால் உடனே நிறுத்த வேண்டும் என்பதையும் எல்லா மருத்துவர்களும் சீட்டிலேயே எழுதித் தரலாம்.

– ஒரு வாசகர்