மைக்கைத் திருப்பிக் கொண்டுவரும் முன்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன ஐப்பசி மழையிலிருந்து இதுவரை ஆறு மைக்குகள் குன்னூரில் நம் கடைக்குத் திரும்பி வந்திருக்கின்றன. ஆறையும் மேசையில் மாட்டிப் பாடிப் பார்த்தோம். ஐந்தில் ஒரு பழுதும் இல்லை. ஒன்று ஈரம் குடித்திருந்தது. ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு இரண்டு நாள் டப்பாவில் போட்டு வைத்ததும் அதுவும் சரியாகிவிட்டது. கொண்டுவந்தவர்களில் மூன்று பேர், இதைவிட விலை கூடிய மைக் இருக்கிறதா என்று கேட்டார்கள். விற்றால் எங்களுக்கு லாபம்தான். ஆனால் நாலு நாளில் அதுவும் திரும்பி வரும். அதனால்தான் இந்த மடல்.

வீட்டில் பாடிப் பதிந்தால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது என்பதுதான் முக்கால்வாசிப் புகார். அது மைக்கின் குற்றமல்ல, அறையின் குற்றம். நம் ஊர்ப் பழைய வீடுகளில் கூரை உயரம், சுவர் வெறுஞ்சுவர், தரை மரப்பலகை. அறை நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். பின்னாலேயே ஒரு ‘ட்ரிங்’ கேட்டால், எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய மைக்கும் அந்த ‘ட்ரிங்’கைச் சேர்த்தேதான் பதியும்.

இதற்கு மருந்து மலைவாசிகள் எல்லார் வீட்டிலும் இருக்கிறது: கம்பளி. ஆனால் அதை எங்கே தொங்கவிடுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். மைக்குக்குப் பின்னால் கட்டுகிறார்கள். பாடகர்கள் பிடிக்கும் மைக் பெரும்பாலும் தன் முன்பக்கத்தைத்தான் கேட்கும், முதுகுப் பக்கத்தைக் கண்டுகொள்ளாது. அதன் முன்னால் இருப்பது நீங்களும் உங்களுக்குப் பின்னாலுள்ள சுவரும். ஆகவே கம்பளி உங்கள் முதுகுக்குப் பின்னால் வரவேண்டும். இரண்டாக மடித்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கயிற்றில் போடுங்கள். ஸ்வெட்டர் நிறைந்த பீரோ இருந்தால் இன்னும் நல்லது. கதவைத் திறந்துவைத்து, அதற்கு முதுகு காட்டி நின்று பாடுங்கள். முட்டை அட்டையைச் சுவரெல்லாம் ஒட்டுவது வீண் வேலை. கீச்சுச் சத்தத்தில் கொஞ்சம் குறையும், கனமான சத்தத்தை அது தொடவே தொடாது. தீப்பற்றவும் சுலபம்.

அப்புறம் தூரம். மைக்குக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு சாண் போதும். தூரத்தைப் பாதியாக்கினால் அறையின் எதிரொலியைவிட உங்கள் குரல் 6 டெசிபல் மேலே ஏறும். ‘ப’ வரும் இடத்தில் காற்று வந்து இடித்தால், மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்று ஓரமாகத் திருப்பிக்கொள்ளுங்கள். கிட்டாருக்கு நடுத் துளையை நோக்கி வைக்காதீர்கள், குடத்துக்குள் பேசுவதுபோல் கும்மென்று இருக்கும். கழுத்தும் உடலும் சேரும் இடத்தை, 12ஆம் ஃபிரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த கம்பி) பக்கமாகப் பார்த்து, அதே ஒரு சாண்.

சரி, வாங்க வேண்டியது என்ன? முதலில் யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று, அதாவது மைக்கையும் கிட்டாரையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி. மைக்குக்கு ஒரு துளை, கிட்டாருக்கு ஒரு துளை உள்ள சிறியதே போதும். பெஹ்ரிங்கர் யூஎம்2, ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ இரண்டும் அந்த வகை. கிட்டாரை நேராக லேப்டாப்பின் மைக் துளையில் சொருகிவிட்டு ‘மந்தமா இருக்கு’ என்கிறவர்கள் உண்டு. கிட்டாரின் பிக்கப்புக்கு (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) எதிரே சுமார் 10 லட்சம் ஓம் மின்தடை வேண்டும். லேப்டாப்பில் இருப்பது சில ஆயிரம்தான். மேல்ஸ்தாயி அங்கேயே செத்துவிடுகிறது. இன்டர்ஃபேஸில் ‘இன்ஸ்ட்’ என்று எழுதிய துளையோ பொத்தானோ அதற்காகத்தான் இருக்கிறது.

மைக்கில், அறை அமைதியாக இல்லாதவர்களுக்கு நாங்கள் டைனமிக் மைக்கைத்தான், அதாவது மேடைப் பாடகர்கள் கையில் பிடிக்கும் வகையைத்தான் சொல்வோம். 1966இல் வந்த ஷ்யூர் எஸ்எம்58 இன்றைக்கும் விற்கிறது. அதே பாணியில் விலை குறைந்தவையும் இருக்கின்றன. கண்டென்சர் மைக் நுணுக்கமானது, பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலையும் சேர்த்துக் கேட்கும். அதற்கு இன்டர்ஃபேஸிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் வேண்டும்; திரும்பி வந்த ஆறில் ஒன்று, இன்டர்ஃபேஸில் அதற்கான பொத்தானை அழுத்தாததால் ‘ஊமை’ ஆன மைக். காதை மூடும் ஹெட்ஃபோன் ஒன்றும் சேர்த்து, விலை குறைந்தவையாக எடுத்தால் எல்லாமாக 12,000 முதல் 15,000 ரூபாய்க்குள் முடித்துவிடலாம். சாஃப்ட்வேருக்குப் பணம் செலவழிக்காதீர்கள். ஆடாசிட்டி 2000ஆம் ஆண்டிலிருந்தே இலவசம். ஆப்பிள் கம்ப்யூட்டர் வைத்திருந்தால் கராஜ்பேண்ட் இலவசம். பல டிராக் (குரல், கிட்டார் என்று தனித்தனிப் பதிவு) அடுக்குகிறவர்கள் ரீப்பரை 60 நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

பாடும்போது உங்கள் குரல் ஹெட்ஃபோனில் பிந்தி வருகிறதா? சாஃப்ட்வேரில் பஃபர் அளவை, அதாவது கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேர்த்துவைத்து அனுப்பும் ஒலியின் அளவைப் பாருங்கள். 1024 என்றிருந்தால் ஒருவழிக்கே சுமார் 23 மில்லி செகண்டு தாமதம். 128 ஆக்கினால் 3தான். அல்லது குரலைக் கம்ப்யூட்டருக்குப் போகாமல் நேரே ஹெட்ஃபோனுக்கு அனுப்பும் இன்டர்ஃபேஸின் டைரக்ட் மானிட்டரைப் போட்டு, சாஃப்ட்வேரில் அந்த டிராக்கின் மானிட்டரை அணைத்துவிடுங்கள். சாஃப்ட்வேரில் பதிவுத் தரத்தை 24 பிட் என்று வைத்து, சத்த அளவின் உச்சத்தை மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி நிறுத்துங்கள். சிவப்பு விளக்கு எரியும் அளவுக்கு ஏற்றாதீர்கள், உடைந்த சத்தத்தைப் பின்னால் ஒட்டவைக்க முடியாது.

‘ங்ங்’ என்று ஒரு இரைச்சல் விடாமல் வருகிறது என்று கோத்தகிரியிலிருந்து ஒரு தம்பி லேப்டாப்பையே தூக்கிக்கொண்டு வந்தார். படுகுப் பாட்டுக்கு மெட்டுப் போடுகிறவர். மாட்டினோம், இரைந்தது. சார்ஜரைப் பிடுங்கினோம், அடங்கியது. மறுபடி சொருகினோம், இரைந்தது. சார்ஜர் பிளக்கைத் திருப்பிப் பார்த்தால், சுவர் சாக்கெட்டில் நுழையவில்லை என்று யாரோ மூன்றாவது பின்னை உடைத்துவிட்டிருக்கிறார்கள். எர்த் இல்லாத வயரிங் உள்ள வீடுகளிலும் இப்படித்தான். பின்னை ஒருபோதும் உடைக்காதீர்கள், உயிருக்கே ஆபத்து. பதியும் நேரத்துக்கு மட்டும் பேட்டரியில் ஓட்டினால் போதும். எர்த்தைச் சரிபார்க்க எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

தகரக் கூரையில் மழை விழுந்தால் கம்பளியும் உதவாது. ஐப்பசி கார்த்திகையில் மழை ஓயும் நேரம் பார்த்துத்தான் பதிய வேண்டும். மலை ரயில் ஊதலும் அப்படித்தான், வாடிக்கையாளர் ஒருவர் அதை வெட்டாமல் பாட்டின் தொடக்கமாகவே வைத்துவிட்டார். பனிக்குளிரில் வெளியிலிருந்து கொண்டுவந்த மைக்கை உடனே மாட்டாதீர்கள், அரை மணி நேரம் அறைச் சூட்டுக்கு வரட்டும். பதிந்து முடித்ததும், மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஷூ டப்பாவிலிருந்து எடுத்த பொட்டலமே போதும், காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

இத்தனையும் பார்த்த பிறகும் சரிவரவில்லை என்றால், சனிக்கிழமை மாலை 4 மணிக்கு மேல் கடைக்கு வாருங்கள். மைக்கை மட்டும் கொண்டுவராதீர்கள். லேப்டாப், கேபிள் எல்லாம் வேண்டும், சார்ஜரையும் மறக்காமல்.

அன்புடன்,
கடையிலிருந்து