மூணு ஞாயித்துக்கிழமையும் சேத்துக் கொடுங்க அண்ணாச்சி

மண்டபக் கமிட்டி அண்ணாச்சிமாருக்கு வணக்கம்.

அந்த ஞாயித்துக்கிழமை நடந்தது ஒங்களுக்கே தெரியும், முழுசா எழுதல. நாங்க மண்டபத்துல படம் போட அட்வான்ஸ் கட்டி நோட்டுல ஏத்துன தேதி. அஞ்சு மணிக்கு புரொஜெக்டர தூக்கிட்டு வந்தா உள்ள சடங்கு வீட்டுப் பந்தி நடக்கு. வாட்ச்மேன் தம்பிய குத்தம் சொல்லல, பாவம், அவனுக்கு என்ன தெரியும். முந்தின நாள் ஒரு போன் போட்டிருக்கலாம்லா?

தனிப் படமா இருந்தா சரி போட்டும்னு விட்டுருப்பேன். இது வங்காள டைரக்டர் சத்யஜித் ரேயோட மூணு படம் சேந்த சீசன், வாரம் ஒண்ணு. 1955-ல வந்த பதேர் பாஞ்சாலி, 1956 அபராஜிதோ, 1959 அபுர் சன்சார். அப்புங்கிற ஒரே பையன் கதை, சின்னப் பயலா ஆரம்பிச்சு ஒரு புள்ளைக்குத் தகப்பன் ஆகுத வரைக்கும். நீங்க உருவுனது நடுப்படத்த. மறுவீட்டு விருந்துல சொதிய ஊத்தாம இஞ்சித் துவையல மட்டும் இலையில வச்சா சும்மா இருப்பீங்களா?

மொத வாரம் பதேர் பாஞ்சாலியில அப்புவோட அக்கா துர்கா சாவுத எடம் முடிஞ்சு லைட்டு போட்டதும், அம்பையில இருந்து வந்த ஒரு ரிட்டயர்டு வாத்தியார் எந்திரிச்சு, "பொம்பளப்புள்ளைய பறிகொடுத்த அந்தத் தாய் இனி என்னய்யா செய்வா"ன்னு கேட்டாரு. அடுத்த வாரம் வாங்க சார், அதுதான் படமேன்னு சொன்னேன். வந்தாரு. பஸ்ஸ விட்டு எறங்கி குடையோட அண்டா பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தாரு. சடங்கு வீட்டுக்காரங்க நல்ல மனுசங்க, சாப்பிட்டுட்டுப் போங்க சார்னு கைய புடிச்சுக் கூப்பிட்டாங்க. அவரு சாப்பாட்டுக்கா வந்தாரு?

படம் போடுத அனுமதி தேதிவாரியா வாங்குனது, அதனால மூணாவது வாரம் அபுர் சன்சாரத்தான் போட வேண்டியதாப் போச்சு. அப்பு மீசையோட வந்து நிக்கான். பின்னால இருந்து ஒருத்தர், "ஏல, அவங்கம்மா எங்கல?"ங்காரு. படத்த நிப்பாட்டி மைக்க புடிச்சு, காசியில அப்பா செத்தது, அம்மா ஊருல தனியா கெடந்து மகன் வருவான் வருவான்னு பாத்தே போய்ச் சேந்தது எல்லாத்தையும் பத்து நிமிசம் கதாகாலட்சேபமா சொன்னேன். ரே எடுத்தத நான் வாயால ஓட்டுனேன், ரொம்ப சந்தோசம்.

இந்தப் படங்களோட நெகட்டிவ் 1993-ல லண்டன்ல ஒரு லேப்ல தீப்பிடிச்சுக் கருகிப்போச்சு. கருகுனதையும் கூட ஒட்டித் தச்சு 2015-ல திரும்பத் திரைக்குக் கொண்டாந்துட்டாங்க. தீயில தப்பிச்ச படம் நம்ம ஊரு பந்தியில மாட்டிக்கிச்சு. பட்டிமன்றம்னா மூணு மாசம் முன்னயே ஹால பூட்டி வைக்கீங்க, நாங்க கட்டுதது மட்டும் செல்லாக் காசா, சினிமாக்காரப் பயலுவதானன்னு ஒரு எளக்காரம், அதான... சரி விடுங்க, கோவத்துல வார்த்த தடிச்சிட்டு, மன்னிக்கணும்.

கேக்கது ஒண்ணுதான். சீசன்னா அடுத்தடுத்த ஞாயித்துக்கிழமை எல்லாத்தையும் ஒரே புக்கிங்கா எழுதி, கையெழுத்துப் போட்ட ரசீது கொடுங்க. நடுவுல ஒண்ண எடுக்கணும்னா மொத்தத்தையும் தள்ளி வைங்க, நாங்க ஒத்துக்கிடுதோம். வாடகைய கொறைங்கன்னு கேக்கல, ஏசி கேக்கல. மூணும் சேந்து வேணும், அவ்வளவுதான்.

அதோட அபராஜிதோவுக்கு மட்டும் ஒரு சாயங்காலம் தயவுபண்ணி ஒதுக்கணும். வாத்தியாரு நேத்தும் போன் பண்ணாரு. எந்தத் தேதின்னு சொல்லட்டும்?