மறுநாள் காலைக்கும் ஒத்திகை வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பேரிடருக்கு நிறுவனங்கள் எப்படித் தயாராக வேண்டும் என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். குழு அமைப்பது, திட்டம் எழுதுவது எல்லாம் தெளிவாகவே இருந்தது. ஆனால் எழுதி வைத்த திட்டம் உண்மையில் வேலை செய்யுமா என்று சோதித்துப் பார்ப்பதைக் கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. என்னைப் பொறுத்தவரை விஷயமே அங்கேதான் இருக்கிறது.

நான் வேலை பார்த்த இடங்களில் எல்லாம் தீ ஒத்திகை நடந்திருக்கிறது. மணி அடிக்கும், படியில் இறங்குவோம், வெளியே நிற்கவைத்து எண்ணுவார்கள், பிறகு மேலே போய்விடுவோம். இதைக் குறைத்துச் சொல்லவில்லை, உயிர்தான் முதலில். நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் 1993இல் குண்டு வெடித்த பிறகு, மோர்கன் ஸ்டான்லி நிறுவனத்தின் பாதுகாப்புத் தலைவர் ரிக் ரெஸ்கோர்லா தன் ஊழியர்களைத் திரும்பத் திரும்பப் படியிறங்கப் பழக்கினார். 2001 செப்டம்பர் 11 அன்று அங்கே இருந்த அந்த நிறுவனத்தின் சுமார் 2,700 பேரில் ஏறக்குறைய எல்லோரும் உயிரோடு வெளியே வந்தார்கள், மிச்சம் இருப்பவர்களைத் தேடி மறுபடி உள்ளே போன அவர் திரும்பவில்லை. அந்த மனிதரை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

சரி, எல்லோரும் வெளியே வந்துவிட்டோம். மறுநாள் காலையில் என்ன செய்வோம்? சம்பளக் கணக்கு எந்த சர்வரில் இருக்கிறது, அதன் பாஸ்வேர்டு யாரிடம், அவர் ஆஸ்பத்திரியில் இருந்தால் அடுத்து யார், வாடிக்கையாளருக்கு யார் போன் செய்வது... இதற்கு ஒத்திகை பார்த்த நிறுவனத்தை நான் அதிகம் கண்டதில்லை.

கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று ஒரு பொறியாளர் வேறு சர்வர் என்று நினைத்து முதன்மைத் தரவுத்தளத்தையே அழித்துவிட்டார். பயப்பட வேண்டாம், பேக்கப் (தரவின் மாற்று நகல்) இருக்கிறதே என்று தேடினால், ஐந்து விதமான ஏற்பாடு வைத்திருந்தும் அந்த நேரத்தில் ஒன்றுகூடச் சரியாகக் கைகொடுக்கவில்லை. தினசரி பேக்கப் பிழையாகி நின்றுபோயிருந்தது, அதை எச்சரிக்கும் மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டு யாருக்கும் வந்து சேரவில்லை. கடைசியில் வேறு வேலைக்காகச் சுமார் ஆறு மணி நேரம் முன்பு எடுத்து வைத்திருந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது, இடைப்பட்ட நேரத்தின் தரவு போனது போனதுதான். ஆனால் அவர்கள் இதை மூடி மறைக்காமல், மீட்கும் வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள், என்ன தவறு நடந்தது என்று விரிவாக எழுதியும் வைத்தார்கள். அதனால்தான் இன்று நாம் அதிலிருந்து படிக்க முடிகிறது.

2012இல் சாண்டி புயல் வந்தபோது நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் ஜெனரேட்டர்கள் 13ஆவது மாடியில் பத்திரமாக இருந்தன. எரிபொருளை மேலே ஏற்றும் பம்புகளோ அடித்தளத்தில் இருந்தன! வெள்ளம் அங்கே புகுந்ததும் ஊழியர்களும் தேசியக் காவல் படையினரும் படிகளில் வரிசையாக நின்று கைக்குக் கை மாற்றி எரிபொருளை மேலே அனுப்பினார்கள். அப்படியும் கடைசியில் நோயாளிகளை வேறு இடங்களுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. தென்கொரியாவில் 2025 செப்டம்பரில் அரசுத் தரவு மையம் ஒன்றில் தீப்பிடித்து, அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வந்த ஒரு பெரிய சேமிப்பகம் வெளியே நகலே இல்லாமல் அழிந்துபோனது.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியம் இல்லை. முன்கூட்டியே சொல்லாமல் ஒரு நாள், இன்று மேலாளரும் இல்லை, ஐடி பொறுப்பாளரும் இல்லை, இந்தக் கட்டடத்துக்குள் யாரும் போக முடியாது என்று வைத்துக்கொண்டு, மிச்சம் இருப்பவர்களால் ஒரே ஒரு முக்கிய வேலையைத் தொடங்க முடிகிறதா என்று பாருங்கள். பேக்கப்பை வேறொரு கணினியில் திறந்து, எத்தனை மணி நேரம் ஆகிறது என்று குறித்து வையுங்கள். தொடர்பு எண்கள் பட்டியலில் வேலையை விட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். இடையூறு வந்தாலும் நிறுவனத்தின் வேலை நின்றுபோகாமல் இருப்பதற்கான ஐஎஸ்ஓ 22301 என்ற சர்வதேசத் தரநிலையும் ஒத்திகையைக் கேட்கத்தான் செய்கிறது, ஆனால் தணிக்கைக்கு வருபவர் கையெழுத்துத் தாளை மட்டும் பார்த்துவிட்டுப் போனால் என்ன பயன்? இன்னொன்று, ஒத்திகையில் கோளாறைக் கண்டுபிடிப்பவரைத் தயவுசெய்து திட்டாதீர்கள், அப்புறம் அடுத்த முறை எல்லாமே சரியாக இருக்கிறது என்றுதான் அறிக்கை வரும்.

பத்துப் பதினைந்து பேர் வேலை செய்கிற சிறிய நிறுவனங்கள் இதை எப்படிச் செய்வது என்று, அனுபவம் உள்ளவர்களைக் கொண்டு ஒரு கட்டுரை போடுங்கள். அவர்களிடம் தனிக் குழுவும் கிடையாது, ஆலோசகரை அழைக்கப் பணமும் கிடையாது.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்