புரோகிராமைத் திரும்பப் பயன்படுத்தவும் சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிளஸ் ஒன்னில் சி பிளஸ் பிளஸ், பிளஸ் டூவில் பைத்தான் என்று நம் கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடத்திட்டம் நன்றாகவே இருக்கிறது. ஃபங்ஷன் (ஒரு வேலைக்கென்று பெயரிட்டு எழுதும் புரோகிராம் பகுதி), சார்ட்டிங் (வரிசைப்படுத்துதல்), கிளாஸ் (தகவலையும் அதற்கான ஃபங்ஷன்களையும் சேர்த்து வைக்கும் அச்சு) எல்லாமே உண்டு. ஆனால் ஒருமுறை எழுதியதை அடுத்த வேலைக்கும் எடுத்துப் பயன்படுத்துகிற பழக்கம் மட்டும் பிள்ளைகளுக்கு வருவதில்லை, அதற்கு யாரும் மார்க் போடுவதில்லையே.

பக்கத்துப் பக்கத்தில் இருப்பவற்றை ஒப்பிட்டு இடம் மாற்றியே வரிசைப்படுத்துகிற பபுள் சார்ட்டையே பாருங்கள். மார்க் வரிசைக்கு ஒரு புரோகிராம், பெயர் வரிசைக்கு அதையே காப்பி செய்து இன்னொன்று, பிறந்த தேதிக்கு மூன்றாவது. மூன்றிலும் உண்மையில் மாறுவது அடுத்தடுத்து நிற்கும் இரண்டு பேரில் யார் முன்னால் வர வேண்டும் என்று பார்க்கிற அந்த 'இஃப்' வரி மட்டும்தான். அதைத் தனி ஃபங்ஷனாக எழுதி சார்ட் ஃபங்ஷனுக்கு அனுப்பிவிட்டால் மிச்சத்தைத் தொடவே வேண்டாம். பைத்தானின் 'சார்ட்டட்' ஃபங்ஷனுக்கு, எதை வைத்து வரிசைப்படுத்த வேண்டும் என்று சொல்கிற 'கீ' கொடுப்பதும் ஏறக்குறைய இதே யோசனைதான்.

தப்பு வந்தால்தான் இதன் அருமை தெரியும். ஜாவா என்ற புரோகிராம் மொழியின் லைப்ரரியில் (எல்லோரும் எடுத்துப் பயன்படுத்த எழுதி வைத்த புரோகிராம்களின் தொகுப்பில்) இருந்த பைனரி சர்ச்சில், அதாவது வரிசையான பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடும் ஃபங்ஷனில், பிழை இருக்கிறது என்று அதை எழுதிய ஜோஷுவா பிளாக்கே 2006-இல் வெளியில் சொன்னார். நடு இடத்தைக் கண்டுபிடிக்கக் கீழ் எண்ணையும் மேல் எண்ணையும் கூட்டி இரண்டால் வகுக்கிறோம் அல்லவா, பட்டியல் மிகப் பெரிதாக இருந்தால் அந்தக் கூட்டுத்தொகை, ஜாவாவின் சாதாரண முழு எண் தாங்கும் உச்ச அளவான 2147483647-ஐத் தாண்டி மைனஸில் போய்விடும். சுமார் ஒன்பது வருடம் அது யார் கண்ணிலும் படவில்லை. லைப்ரரியில் ஒரு வரியைத் திருத்தினார்கள், புதிய பதிப்புக்கு மாறியவர்களுக்கெல்லாம் சரியாகிவிட்டது. அதே கணக்கைத் தாங்களே தனித்தனியாக எழுதி வைத்திருந்தவர்கள் ஒவ்வொரு புரோகிராமாகத் தேடித்தான் திருத்த வேண்டும்.

அப்புறம் இன்ஹெரிட்டன்ஸ், அதாவது ஒரு கிளாஸில் இருப்பதை இன்னொரு கிளாஸ் அப்படியே வாரிசாகப் பெறுவது. எழுதிய புரோகிராமை மறுபடி எழுதாமல் இருக்க அதுதான் வழி என்று மனதில் பதிந்துவிடுகிறது, விலங்கு, நாய், பூனை என்ற உதாரணத்தோடு பாடமும் முடிந்துவிடுகிறது. மின் கட்டணப் புரோகிராம் ஒன்று எழுதச் சொல்லிப் பாருங்கள். வீட்டு இணைப்புக்கு ஒரு கிளாஸ், கடை இணைப்பும் கிட்டத்தட்ட அதே மாதிரிதானே என்று அதிலிருந்தே இன்ஹெரிட் செய்தால், வீட்டுக்குக் கொடுக்கிற 100 யூனிட் இலவசம் கடைக்கும் சத்தமில்லாமல் போய்விடும். யூனிட்டைப் படி படியாகப் பிரித்துப் பணம் கணக்கிடுகிற வேலையை ஒரு கிளாஸில் வைத்து, கட்டண அட்டவணையைத் தனி ஆப்ஜெக்ட்டாக அதற்குள் கொடுத்தால் இந்தச் சிக்கல் இல்லை, கட்டணம் மாறினாலும் அட்டவணையை மட்டும் மாற்றினால் போதும். இன்ஹெரிட்டன்ஸே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, எங்கே வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள் என்கிறேன்.

பாடப் புத்தகத்தை மாற்ற வேண்டியதில்லை. செய்முறைத் தேர்வில் ஒரு கேள்வியை மட்டும் மாற்றலாம். ஓடுகிற ஒரு புரோகிராமை மாணவர் கையில் கொடுத்து, இருக்கும் ஃபங்ஷன்களைக் காப்பி செய்யாமல் புது வசதி ஒன்றைச் சேர்க்கச் சொல்லி, அதற்குத் தனியாக மார்க் போடுங்கள். பள்ளிக் கல்வித் துறை வரும் கல்வியாண்டிலேயே இதைச் செய்ய முடியும்.

இப்படிக்கு,
மென்பொருள் துறையில் பணிபுரியும் ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்