மருதமரமும் தங்கள் மருத்துவப் பக்கமும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு வெளியீட்டில் மருதம்பட்டைக் கஷாயத்தின் பெருமையை எழுதிய அன்பர், "கறுவாவைப் போலவே உரித்த இடத்தில் புதுப்பட்டை வந்துவிடும்" என்று ஒரே வரியில் மரத்தின் கதையை முடித்திருக்கிறார். கறுவாத் தோட்டத்தில் வெட்டியெடுத்த கொம்பைத்தான் உரிப்பார்கள் என்பதும், அடிக்கட்டையிலிருந்து வேறு கொம்புகள் தளிர்க்கும் என்பதும் தாங்கள் அறியாததல்ல. நிற்கிற மரத்தை உரிப்பது வேறு காரியம்.

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முடியும் வாய்க்காலோரத்து மருதமரத்தை, நெஞ்சளவு உயரத்தில், ஒரு முழ அகலத்துக்கு, வெள்ளை மரம் தெரியுமட்டும் யாரோ சுற்றிவர உரித்துவிட்டார்கள். இலை ஆக்கும் உணவு உட்பட்டை வழியாகவே வேருக்கு இறங்குகிறது. தண்ணீரோ உள்மரத்தின் வழியாக ஏறிக்கொண்டுதான் இருக்கும். ஆகையால் வேர் பட்டினி கிடக்க, இலைகள் மாதக்கணக்கில் பச்சையாகவே நின்றன. மரத்துக்கு ஒன்றுமில்லை என்று அயலவர்கள் எனக்கே பாடம் நடத்தினார்கள். பிறகு உச்சிக்கிளைகள் கருகத் தொடங்கின. அப்போது நான் எழுதிய கடிதத்துக்குத் தங்களிடம் இடமிருக்கவில்லை. இராசிபலனுக்கு வழக்கம்போல் முழுப்பக்கம் இருந்தது.

பரம்பரையாகச் சித்த வைத்தியம் செய்யும் குடும்பம் எங்களுடையது. என் தந்தையார் முற்றிய மரத்தில் ஒரு பக்கத்தில் மட்டும் நெடுக்காகக் கீற்றெடுப்பார். அந்தக் காயம் ஆறி மூடும்வரை மறுபக்கத்தைத் தொடமாட்டார். 19ஆம் நூற்றாண்டில், மலேரியாக் காய்ச்சலுக்கான கொயினா மருந்து தரும் சிங்கோனா மரத்தின் நீலகிரித் தோட்டங்களிலும் கீற்றுக் கீற்றாகவே எடுத்து, காயத்தைப் பாசியால் மூடிப் பட்டையை மறுபடி வளர்த்தார்கள். புரோஸ்டேட் வீக்கத்துக்கான மருந்துக்காக உரிபட்டு அருகிவந்த ஆபிரிக்கச் செர்ரி மரத்தின் பட்டை 1995 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில்தான் நாடு கடக்கிறது.

மரம் அருகினால் மருந்தும் போலியாகிவிடும். அசோகம்பட்டை என்று நான் காசு கொடுத்து வாங்கிய பொதியில் இருந்தது நெட்டிலிங்கப் பட்டை. கடைக்காரரை மட்டும் நொந்து பயனில்லை. தங்கள் பத்திரிகையும் அசோகின் மகிமை பற்றிய கட்டுரைக்கு நெட்டிலிங்கத்தின் படத்தைத்தானே போட்டது?

நின்ற மரத்தைச் சுற்றிவர உரிக்கலாகாது என்று அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் ஒரு வரித் திருத்தம் வெளியிட்டால் போதும். கட்டுரையாளரின் நிழற்படத்தைச் சற்றே சுருக்கினால் அதற்கு இடம் கிடைக்கும்.

இங்ஙனம்,
சித்த வைத்தியர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.